கைப்பிடிக்கு மேல செவ்ரான் நூல் சுத்து: எந்த நூல், எந்த எப்பாக்சி?

ஈசிஆர்_தூண்டில் (சென்னை)

வணக்கம் மக்களே. இவ்வளவு நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் முதல் பதிவு போடுறேன். சிங்கப்பூர்ல இருந்து வந்த நண்பர் ஒருத்தர் தூண்டில் ராடு கட்ட கார்பன் பிளாங்க் (எதுவும் பூட்டாத வெறும் கம்பு) வாங்கிட்டு வந்து குடுத்தார். 9 அடி, ரெண்டு துண்டு, 20-60 கிராம் லூர் (போலி இரை) வீசறதுக்கு. முட்டுக்காடு, பாலாறு முகத்துவாரம் பக்கம் கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும்தான். ரீல் சீட்டும் கைடும் (லைன் ஓடுற வளையம்) ஃபூஜி கம்பெனி, கைப்பிடிக்கு இவிஏ ஃபோம். எல்லாம் வந்தாச்சு.

உடைஞ்ச டிப்பு மாத்துறது, கழண்ட கைடு கட்டுறது இதெல்லாம் பண்ணியிருக்கேன். முழு ராடு இதுதான் முதல். முன் கைப்பிடிக்கு மேல 20 செ.மீ. நீளத்துக்கு செவ்ரான், அதாவது V V-யா அடுக்கின மாதிரி நூல் அலங்காரம், சுத்தணும்னு ஆசை. கறுப்பு பிளாங்க் மேல சிவப்பும் தங்கமும்.

ராடு நூல்னு விக்கிற ஸ்பூல் விலையைப் பார்த்தா மயக்கம் வருது. பாரிமுனைல கிடைக்கிற எம்பிராய்டரி நூல் சரிப்படுமா? ரெசின் ஆர்ட் பண்றவங்க வாங்குற ரெசினையே மேல பூசலாமா? ஸ்பைன் ஸ்பைன்னு எல்லா வீடியோவுலயும் உயிரை விடுறாங்களே, அது அவ்வளவு முக்கியமா? கடைசியா, இவ்வளவு நூலும் பசையும் ஏத்தினா ராடு செத்துடாதா?

கரையோரம் (புதுச்சேரி)

பாஸ், இந்தக் காசுக்கு ரெண்டு ரெடிமேட் ராடு வாங்கிட்டு மிச்சத்துல லூர் வாங்கலாம். கொடுவாவுக்கு செவ்ரான் எல்லாம் கண்ணுல படாது.

ஈசிஆர்_தூண்டில்

கொடுவாவுக்குப் படலைன்னா என்ன பாஸ், கடிக்காத நாள்ல பாத்துட்டு உக்காந்திருக்கப் போறது நான்தானே.

முத்துநகர் (தூத்துக்குடி)

தம்பி, அலங்காரத்தை அப்புறம் பாப்போம். முதல்ல கைடு. கைடை பிளாங்கோட பிடிச்சு வைக்கிறதே அந்த நூலும் அது குடிச்ச எப்பாக்சிப் பசையும்தான். வேற ஆணி, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. செவ்ரான்ல பிசகு வந்தா பாக்கிறவன் கண்ணை உறுத்தும். கைடு சுத்துல பிசகு வந்தா மீன் ஓடுற நேரத்துல கைடு திரும்பிக்கிடும்.

ஸ்பைன் விஷயம். கார்பன் துணியை கம்பி மேல சுருட்டித்தான் பிளாங்க் செய்யுதாங்க. துணி முடியுத இடத்துல சுவர் கொஞ்சம் தடிக்கும். அதனால வளைச்சுப் பிடிச்சு உருட்டினா ஒரு பக்கம் வந்ததும் டக்னு விழும். அதைக் கண்டுபிடிச்சு கைடு வைக்கலன்னா ராடு முறுக்கிக்கிடும்னு சொல்லுவாங்க. ஸ்பின்னிங் ராடுல கைடு கீழ தொங்குது, லைன் இழுக்கதும் கீழதான். அது எங்கன போய் முறுக்கும்? கைடு மேல நிக்கிற காஸ்டிங் ராடுலதான் முறுக்கு வரும், அதுவும் ஸ்பைன் எந்தப் பக்கம் இருந்தாலும் வரும். அதுக்குத்தான் கைடை மேலருந்து பக்கவாட்டா இறக்கி அடிக்குக் கொண்டு போற ஸ்பைரல் சுத்து வந்துச்சு. உங்க ராடுக்கு நேரா இருக்குத அச்சைப் பாருங்க. முழு நேரா எந்தப் பிளாங்கும் வராது. அந்த லேசான வளைவு மேல கீழ வர்ற மாதிரி வச்சுக்கிட்டா தெரியாது, பக்கவாட்டுல வந்தா எப்பவும் தெரியும்.

கைடு பாதத்தோட (பிளாங்க் மேல உக்காருத கால்) நுனியை ஊசி அரத்தால மெல்லிசா இறங்குற மாதிரி தேச்சுக்கோங்க. நுனி தடிச்சிருந்தா நூல் ஏறுத இடத்துல ஒரு பள்ளம் விழும், அங்க காத்து தங்கும், எப்பாக்சி போட்டதும் குமிழா எந்திரிக்கும். பாதத்து அடியில பிசிறு இருந்தா இன்னும் மோசம், பிளாங்கைக் கீறிடும். கார்பன்ல கீறல் விழுந்த இடம்தான் பின்னால முறியுத இடம்.

இடைவெளியை இணையத்துல இருக்க அட்டவணையை நம்பி முடிவு பண்ணாதீங்க. அது தொடங்குறதுக்கு மட்டும். கைடுகளை சின்ன ரப்பர் வளையம் போட்டு நிறுத்தி, லைன் கோத்து, நுனியை நல்லா வளைச்சுப் பாருங்க. லைன் ராடோட வளைவை ஒட்டிப் போகணும். ரெண்டு கைடுக்கு நடுவுல லைன் வெட்டிக்கிட்டு நேரா போச்சுன்னா அங்க இடைவெளி அதிகம், நகத்துங்க. எண்ணிக்கைக்கு அடிக்கு ஒண்ணு, கூட ஒண்ணுங்கிற பழைய கணக்கு முக்காவாசி சரியா வரும்.

மெசின் எல்லாம் வேண்டாம். ஒரு அட்டைப் பெட்டியில எதிரெதிரா V வெட்டு வெட்டி, துணி ஒட்டி பிளாங்கை உக்கார வைங்க. ஸ்பூலை டம்ளர்ல போட்டு, நூலை ஒரு தடிச்ச புத்தகத்துப் பக்கங்களுக்கு நடுவுல விட்டு எடுத்தா அதுதான் இழுவிசை. இன்னும் இறுக்கம் வேணும்னா மேல இன்னொரு புத்தகம். பழைய டெலிபோன் டைரக்டரிக்கு இதை விட நல்ல வேலை இப்ப கிடையாது.

நூல் வாலை அடியில விட்டு அது மேலயே ஆறேழு சுத்து போட்டதும் அது பிடிச்சுக்கிடும், வாலை வெட்டிடலாம். முடிவுக்கு ஆறேழு சுத்து இருக்கும்போது தனி நூல் ஒண்ணைக் கண்ணியா மடிச்சு வச்சு, அது மேலயே சுத்திட்டுப் போய், வெட்டின நுனியைக் கண்ணிக்குள்ள விட்டு இழுத்தா உள்ள போய் ஒளிஞ்சுக்கிடும். சுத்துறது எப்பவும் பிளாங்க்ல ஆரம்பிச்சு பாதத்து மேல ஏறணும். முடிச்சதும் கட்டைவிரலால அமுக்கித் தள்ளினா கைடு லேசா நகரணும். நகரலன்னா ரொம்ப இறுக்கிட்டீங்க, சுவர் மெல்லிசான பிளாங்குக்கு அது ஆகாது. ஒத்தைக்கால் கைடுன்னா ஃபோர்ஹான் பூட்டுச் சுத்து தேடிப் பாருங்க. கைடு காலுக்கு அந்தப் பக்கமும் ரெண்டு மூணு சுத்து விழும், கால் உருவிக்கிட்டு வராது.

ராடு செத்துடாதான்னு கேட்டீங்க. கைப்பிடிக்கு மேல 20 செ.மீ.ங்கிறது வளையவே வளையாத இடம். அங்க என்ன வேணா பண்ணுங்க. நுனிப் பக்கம் மட்டும் கஞ்சத்தனம் வேணும். அங்க ஏ சைஸ் மெல்லிசு நூல், குட்டிச் சுத்து, மெல்லிசா ஒரே கோட்.

பெடோக்_ஜெட்டி (சிங்கப்பூர்)

அண்ணாச்சி அடித்தளம் போட்டுவிட்டார், நான் செவ்ரானுக்கு மட்டும் வருகிறேன். எல்லோரும் குத்துமதிப்பாகச் செய்து சொதப்புவது கணக்கில்தான், கணக்கோ நாலு வரி.

பிளாங்கில் முன்பக்கம் ஒரு நேர்கோடு, அதற்கு நேர் எதிரே பின்பக்கம் ஒரு நேர்கோடு. வெள்ளை பென்சில் போதும். ஒரு நூல் வலஞ்சுழியாக ஏறும், இன்னொன்று இடஞ்சுழியாக. இரண்டும் முன்கோட்டில் சந்திக்கும், பிறகு பின்கோட்டில், மறுபடி முன்கோட்டில். முன்கோட்டில் 40 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் பின்கோட்டில் புள்ளிகள் நடுவில், அதாவது 20, 60, 100 என்று விழவேண்டும். இதை முதலிலேயே குறிக்காமல் கண்ணால் பார்த்து ஏற்றினால் பின்பக்கம் எங்கேயோ போய் நிற்கும்.

புள்ளி இடைவெளி பிளாங்கின் சுற்றளவுக்குச் சமமாக இருந்தால் நூல் 45 பாகையில் சாயும், கட்டம் சதுரமாக நிற்கும். இடைவெளி கூடினால் கட்டம் நீளும், குறைந்தால் தட்டையாகும். உங்கள் பிளாங்கின் விட்டத்தை அளந்து சொல்லுங்கள்.

ஈசிஆர்_தூண்டில்

அண்ணாச்சி, கை வலிக்க எழுதியிருக்கீங்க, ரொம்ப நன்றி. பெடோக் அண்ணே, வெர்னியர் வச்சுப் பார்த்தேன். முன் கைப்பிடி முடியிற இடத்துல 13 மி.மீ., அங்கிருந்து 20 செ.மீ. மேல 12.

பெடோக்_ஜெட்டி

அப்படியானால் சுற்றளவு கீழே ஏறக்குறைய 41, மேலே ஏறக்குறைய 38. முன்பக்கம் ஐந்து கட்டம் வரும். இடைவெளியை 41இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் குறைத்து 38இல் முடியுங்கள். 3 மி.மீ.தானே என்று ஒரே இடைவெளியில் போனால் மேல் கட்டங்கள் மட்டும் இழுத்துவிட்டது போல் தெரியும். கரையிலிருந்து வீசும் 13 அடி ராடுகளில் பிளாங்க் இன்னும் வேகமாக மெலியும், அங்கே இதைக் கவனிக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

செவ்ரானுக்கும் டைமண்டுக்கும் வித்தியாசம்: முதல் நூலுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நூல் சேர்த்தால் டைமண்ட். ஒரே பக்கம் சேர்த்துக்கொண்டே போனால் செவ்ரான். இரண்டு முனையிலும் நூல்களை மாஸ்கிங் டேப் போட்டுப் பிடித்துவையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு முனைகளில் பட்டையாக நெருக்கிச் சுற்றிப் பூட்டிவிட்டு, மிச்சத்தைப் புது பிளேடால் வெட்டலாம்.

நூல்காரி (மதுரை)

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. என் தம்பி விரால் பைத்தியம், அவன் ராடுக்கு நான்தான் நூல் சுத்திக் குடுக்கிறேன். என் தொழில் ஆரி ஒர்க், அதனால நூலைப் பத்தி மட்டும் சொல்றேன்.

தம்பி, கடையில "எம்பிராய்டரி நூல்"னு கேட்டா நாலு விதமா எடுத்துப் போடுவாங்க. ரேயான் வேண்டாம். பளபளப்பு அள்ளும், ஆனா நனைஞ்சா பலம் போயிடும், எப்பாக்சி பட்டதும் நிறமும் கரைஞ்ச மாதிரி ஆயிடும். காட்டன் வேண்டாம், பிசிறு. தையல் மெசின்ல போடற சாதா பாலியஸ்டர் ஸ்பன் நூலும் வேண்டாம், அது துண்டு துண்டு இழையை முறுக்கிச் செஞ்சது. ஜன்னல் வெளிச்சத்துல நீட்டிப் பிடிச்சா உடம்பு முழுக்க ரோமம் நிக்கிறது தெரியும். ஒவ்வொரு ரோமமும் எப்பாக்சிக்கு வெளிய தலை நீட்டும், தடவினா சொரசொரன்னு இருக்கும். உங்களுக்கு வேணுங்கிறது பிலமென்ட் நூல், அதாவது துண்டு இல்லாம நீள இழையா ஓடுறது, நைலான் இல்லன்னா மெசின் எம்பிராய்டரிக்கு வர்ற பாலியஸ்டர் பிலமென்ட். செவ்ரானுக்கு அது தாராளம்.

ஆனா கைடுக்கு ராடு நைலான் நூலே வாங்குங்க. நைலான் கொஞ்சம் இழுபடும், இழுத்துச் சுத்தினா திரும்பச் சுருங்கப் பாக்கும், அதனால பாதத்தைக் கவ்விப் பிடிக்கும். பாலியஸ்டர்ல அந்த இழுவை கம்மி. கைடுக்கு ஒரே கலர், ஒரே ஸ்பூல் போதுமே, அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

தங்கத்துக்கு ஜரிகை போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஜரிகைல மூணு உண்டு. பட்டு இழை மேல வெள்ளித் தகடு சுத்தி தங்க முலாம் பூசினது நிஜ ஜரிகை. அதை ராடுல போட மனசு வராது. செம்புக் கம்பி மேல முலாம் பூசினது ரெண்டாவது. அது கடல் காத்துக்கு கறுக்கும், பச்சை பூக்கும், எப்பாக்சி கொஞ்சம் விட்டுப்போன இடத்துல முதல்ல அதுதான் தெரியும். மூணாவது மெட்டாலிக் பாலியஸ்டர், பிளாஸ்டிக் படலத்துல உலோகப் பூச்சு. உங்களுக்கு அதுதான். விலையும் கம்மி, எப்பாக்சில நிறமும் மாறாது. ஒண்ணே ஒண்ணு, அது தட்டையான நூல், முறுக்கிட்டுப் போச்சுன்னா மினுமினுப்பு விட்டு விட்டுத் தெரியும். ஸ்பூலை டம்ளர்ல நிக்க வச்சு மேல இருந்து உருவாதீங்க, ஒரு குச்சில கோத்துப் படுக்க வச்சு உருள விடுங்க.

விரால்வேட்டை (தஞ்சாவூர்)

நூல்காரி அக்கா சொன்ன எப்பாக்சில நிறம் மாறுறது பத்தி இன்னும் கொஞ்சம். சாதா நைலான் நூல் எப்பாக்சியைக் குடிச்சதும் கண்ணாடி மாதிரி ஆகி அடியில இருக்க கறுப்பைக் காட்டும். மஞ்சள் சேத்து நிறத்துக்குப் போயிடும், வெள்ளை சாம்பலாயிடும், சிவப்பு ரத்தம் உறைஞ்ச கலர்ல நிக்கும். இதுக்கு கலர் பிரிசர்வர்னு ஒண்ணு விக்கிறாங்க, முதல்ல அதைப் பூசி காயவிட்டுட்டு எப்பாக்சி போட்டா நிறம் அப்படியே இருக்கும். நான் கைடு சுத்து உட்பட எல்லாத்துலயும் போடுறேன்.

முத்துநகர்

கைடுலயுமா? அங்கதான் எனக்கு ஒப்புதல் இல்ல. பிரிசர்வர் என்ன செய்யுதுன்னா, நூலுக்குள்ள எப்பாக்சி இறங்காம மறிக்குது. நிறம் அதனாலதான் மாறல. ஆனா எப்பாக்சி நூலுக்குள்ள இறங்கி பிளாங்கைத் தொட்டாத்தானே கைடு உக்காரும்? மறிச்சுட்டா மேல ஒரு ஓடு மட்டும் நிக்கும், உள்ள நூல் வெறும் நூலா கிடக்கும். உப்புத் தண்ணி ஒரு விரிசல் வழியா உள்ள போனா வெளிய வராது.

விரால்வேட்டை

அண்ணாச்சி, நான் குளத்துல விரால் பிடிக்கிறவன், உப்புத் தண்ணி எனக்குப் பிரச்சினையே இல்ல. இதுவரைக்கும் ஒரு கைடும் ஆடல.

முத்துநகர்

குளத்துக்கு சரிதான், தகராறு இல்ல. தம்பி கடலுக்குக் கேக்குறாரு. அவருக்கு நான் சொல்லுதது: கைடுக்கு என்சிபி நூல். அது பிரிசர்வர் இல்லாமலே நிறம் காட்டும்படி செஞ்சது. இல்லையா, சாதா நூலைப் போட்டு கறுத்துட்டுப் போகட்டும்னு விட்டுடணும். கறுப்பு பிளாங்க்ல அடர் சிவப்பு ஒண்ணும் கேவலமா இருக்காது. செவ்ரானுக்கு மட்டும் பிரிசர்வர், அங்க எதையும் பிடிச்சு நிறுத்த வேண்டிய வேலை இல்ல.

அவலாஞ்சி_ட்ரவுட் (ஊட்டி)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் நூல் கண்ணாடியாவதைத் தடுக்கப் பாடுபடுகிறீர்கள், மூங்கில் ஃப்ளை ராடு செய்தவர்கள் அதையே விரும்பிச் செய்தார்கள். மெல்லிய வெள்ளைப் பட்டு நூல் சுற்றி வார்னிஷ் பூசினால் நூல் மறைந்து மூங்கில் தெரியும். என்னிடம் இருக்கும் பழைய ராடில் கிட்டப் பிடித்துப் பார்த்தால்தான் நூல் இருப்பதே தெரிகிறது.

இன்னும் பழைய ராடுகளில் கைடு இல்லாத இடத்திலும் அங்குலத்துக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிச் சுற்று இருக்கும். பலரும் அலங்காரம் என்று நினைப்பார்கள். ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த கம்பு அது, அந்தக் காலத்துத் தோல் பசை ஈரத்தில் விட்டுப்போகும், பட்டைகள் பிரியாமல் இருக்கத்தான் அந்தக் கட்டு. தண்ணீருக்கு அசையாத பசை வந்த பிறகு அது தேவையில்லாமல் போனது, ஆனால் அழகுக்காகச் சிலர் தொடர்ந்தார்கள். உங்கள் செவ்ரானின் பாட்டி அதுதான் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

பென்சில்வேனியாவில் 1840களில் பட்டை ஒட்டி ராடு செய்த சாமுவேல் பிலிப்பி பயன்படுத்தியது நம் நாட்டிலிருந்து போன மூங்கில், கல்கத்தா கேன் என்றே அதற்குப் பெயர். பிறகு சீனாவின் குவாங்டாங் பக்கத்து டோன்கின் மூங்கில் அதைத் தள்ளிவிட்டது. கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும் டோன்கினும் வரவில்லை. அதற்குள் ஃபைபர் கிளாஸ் தயாராக இருந்தது. கார்பன் 1970களில்தான்.

கரையோரம்

ரெடிமேட் வாங்கச் சொன்னவன் நான்தான். ஆனா இதை வாசிச்சதும் வீட்ல கிடக்கிற உடைஞ்ச ராடை எடுத்துப் பார்த்தேன். கைடு சுத்து மேல எப்பாக்சி நடுவுல உப்பி, ரெண்டு முனையும் ஒல்லியா இருக்கு. கம்பெனி ராடுதான். இப்படி இருக்கறது சரியா?

குருநகரான் (யாழ்ப்பாணம்)

உது ஒரே கோட்டில கனக்க ஊத்தினதால வாறது. நடுவில திரண்டு நிக்கும். பிடிக்கும், ஆனால் வடிவில்லை, பாரமும் கூட.

ஈசிஆர் தம்பி, எப்பாக்சி பற்றி நான் சொல்லுறன். ரெசின் ஆர்ட் ரெசினைப் பூச வேண்டாம். அது மேசையில தட்டையா இறுகிக் கிடக்கச் செய்த சாமான். ராடு வளையும், அது வளையாது, கைடுக்குக் கிட்ட வட்டமா வெடிக்கும். ராடுக்கெண்டு வாற எப்பாக்சி காய்ஞ்ச பிறகும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். ரீல் சீட், கைப்பிடி ஒட்டுறதுக்கு மட்டும் கடையில வாங்கிற மெதுவாக் காயிற எப்பாக்சிப் பசை காணும். அதை நூலுக்கு மேல பூசினால் மஞ்சளாப் போயிடும்.

எப்பாக்சி ரெசின் ஒரு போத்தில், இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு போத்திலா வரும், ரெண்டும் சரிக்குச் சரி, அளவில. நிறுக்க வேண்டாம், ஊசிச் சிரிஞ்சில அளக்கவேணும். இங்க ஒரு விசயம் கவனியும். மருந்துக்கடைச் சிரிஞ்சில கறுப்பு ரப்பர் உள்ளது வேண்டாம், அது வழுக்கிறதுக்கு சிலிக்கோன் எண்ணெய் பூசியிருப்பாங்கள். அது துளியளவு கலந்தாலும் நூலுக்கு மேல எப்பாக்சி ஒட்டாமல் வட்டம் வட்டமா விலகி நிக்கும். ரப்பரில்லாத முழுப் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வாங்கும். ஏ போத்திலுக்கு ஒண்டு, பீ போத்திலுக்கு ஒண்டு, மாறக்கூடாது.

மெதுவா, அடிச்சுக் கலக்காமல், ரெண்டு மூண்டு நிமிசம் கலக்கும். கலக்கினதைக் கோப்பையிலேயே வச்சிருந்தால் எங்கட சூட்டுக்குக் கெதியா இறுகிப்போம். அலுமினியத் தாளில பரப்பி ஊத்தி வச்சால் நேரம் கிடைக்கும், குமிழும் தன்பாட்டில வெடிக்கும். பூசுறதுக்கு முதல் ஸ்பிரிட் விளக்குச் சுவாலைக்கு மேலால நூலை ஒருக்கா கெதியா ஓட்டி எடுத்தால் மிச்ச ரோமமும் பொசுங்கிப்போம். நிண்டு பாத்துக்கொண்டிருந்தால் நூலும் போம். முதல் கோட் மெல்லிசா, நூல் குடிக்கிற அளவுக்கு மட்டும். குமிழ் நிண்டால் அதே சுவாலையை அடியால ஒருக்கா காட்டும். அடுத்த நாள் ரெண்டாவது கோட்.

கடைசி விசயம்தான் பெரிய விசயம். நீர் சென்னை, நான் யாழ்ப்பாணம், ரெண்டு பேருக்கும் ஐப்பசி கார்த்திகையில ஒரே வானம். ஈரக்காத்தில எப்பாக்சி காய்ஞ்சால் மேல எண்ணெய் பூசின மாதிரி ஒரு மங்கல் படியும். சிலவேளை துடைச்சால் போம், சிலவேளை உள்ளுக்கே பால் மாதிரி நிண்டிடும். மழைக்காலத்தில நூல் சுத்தி வையும், எப்பாக்சியை வெயில் வரும்வரைக்கும் தள்ளிப்போடும். அவசரமெண்டால் ஏசி அறையில, ஒரு மணித்தியாலம் முதலே ஏசியைப் போட்டுவிட்டு.

ஈசிஆர்_தூண்டில்

அண்ணே, ராடைச் சுத்திட்டே இருக்கணுமே, மோட்டருக்கு என்ன பண்றீங்க?

குருநகரான்

பழுதாப்போன மைக்ரோவேவ் அடுப்பின்ர தட்டு சுத்துற மோட்டர். நிமிசத்துக்கு அஞ்சு ஆறு சுத்து. எங்க பிடிச்சுப் பூட்டினாலும் சரி, ஆனால் அதில கனக்க நேரே 220 வோல்ட்டில ஓடுற சாமான், வயர் மூட்டுகளை வடிவா மூடிப்போடும். பூசி முடிச்சு ஒரு ஆறு மணித்தியாலமாவது சுத்தவேணும். நடுவில கரண்ட் போனால் கையால அரைச்சுத்து அரைச்சுத்தாத் திருப்பிக்கொண்டிரும்.

ஈசிஆர்_தூண்டில்

எல்லாருக்கும் ஒரு அப்டேட். கைடு சுத்து முடிஞ்சது, அண்ணாச்சி சொன்ன மாதிரி வளைச்சுப் பார்த்து மூணு கைடை நகத்தினேன். முதல்ல இருந்த இடத்துல நடுவுல லைன் பிளாங்கைத் தொடுற அளவுக்கு வெட்டிட்டுப் போச்சு.

செவ்ரான்ல பாதி வந்தாச்சு. நூல்காரி அக்கா சொன்ன மெட்டாலிக் தங்கம் சௌகார்பேட்டைல கிடைச்சது. முன்பக்கம் சூப்பரா வருது. பின்பக்கம்தான் கவலை, ஒவ்வொரு நூல் சேர்க்கும்போதும் சந்திப்பு கோட்டை விட்டு வலது பக்கமா ஓடுது. எவ்வளவு தள்ளினாலும் திரும்ப ஓடுது.

பெடோக்_ஜெட்டி

ஒரே பக்கம் சேர்ப்பதால் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் தள்ளப்படும், அது செவ்ரானின் குணம். முடிவில் தள்ளிச் சரிசெய்ய முடியாது, ஒவ்வொரு நூலுக்கும் பார்க்க வேண்டும். வலஞ்சுழி நூலையும் இடஞ்சுழி நூலையும் ஏற்றும் வரிசையை மாற்றாதீர்கள், முதலில் எது மேலே போனதோ கடைசிவரை அதுவே மேலே. ஒரு ஜோடி ஏற்றியதும் பின்கோட்டுக்குத் திருப்பி, சந்திப்பை மழுங்கின பிளாஸ்டிக் முனையால் கோட்டுக்கு நெருக்குங்கள். பழைய டூத் பிரஷ் காம்பைத் தேய்த்து வைத்துக்கொள்ளலாம், உலோகம் நூலை அறுக்கும். இப்போது ஓடியிருப்பது எவ்வளவு?

ஈசிஆர்_தூண்டில்

மேல் கட்டத்துல ஒரு ரெண்டு மி.மீ. இருக்கும். கீழ அவ்வளவு இல்ல.

பெடோக்_ஜெட்டி

அப்படியானால் கடைசி நாலைந்து நூலைப் பிரித்துவிட்டு அங்கிருந்து போங்கள். மெட்டாலிக் நூலைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், மடிந்த இடம் தெரியும்.

நூல்காரி

பிரிக்கிறதுக்கு யோசிக்காதீங்க தம்பி, ஆரில நாங்க பிரிக்காத நாளே கிடையாது. கையில எண்ணெய் இல்லாம பாத்துக்கோங்க. தலைக்கு எண்ணெய் வச்சுட்டு வந்து நூலைத் தொட்டா அந்த இடத்துல பிரிசர்வர் ஒட்டாது. வேலை நிக்கும்போது செய்தித்தாள் சுத்தாதீங்க, மை ஒட்டும், பட்டர் பேப்பர் சுத்தி வைங்க.

விரால்வேட்டை

அண்ணாச்சி, கைடுக்கு அடியில ஒரு அடிச்சுத்து போடச் சொல்லலையே நீங்க? பிளாங்குக்கு மெத்தை மாதிரி இருக்குமே.

முத்துநகர்

தடிச்ச ராடு, பெரிய ரெட்டைக்கால் கைடு, படகுல ஆழத்துல கலவா பிடிக்கிற ஆளுக்குன்னா போடுவேன். 20-60 கிராமுக்கு வேண்டாம். பாதத்துக்கும் பிளாங்குக்கும் நடுவுல நூல் கிடந்தா அது மெத்தைதான், மெத்தை மேல நிக்கிறது லேசா அசையவும் செய்யும். பாதத்தை நல்லா அரம் போட்டிருந்தா மெத்தை தேவையே இல்ல.

பெடோக்_ஜெட்டி

இதில் நான் அண்ணாச்சியோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. அடிச்சுற்றுக்கு முதலில் ஒரு கோட் எப்பாக்சி போட்டு இறுக்கிவிட்டால் அசைய வழியில்லை, அதன்மேல் கைடு கட்டினால் நிறமும் இரண்டு அடுக்காகத் தெரியும். ஆனால் நுனிப் பக்கத்துக்குக் கனம் சேர்கிறது என்பது உண்மை. தம்பியின் ராடில் முதல் கைடுக்கு மட்டும் போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை.

ஈசிஆர்_தூண்டில்

போடல அண்ணே, கட்டினதைப் பிரிக்கத் தெம்பு இல்ல. செவ்ரான் பின்பக்கம் நேராயிடுச்சு, முனைப் பூட்டும் போட்டாச்சு. இப்ப வெளிய கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, குருநகர் அண்ணன் பேச்சைக் கேட்டு எப்பாக்சி பாட்டிலைத் திறக்கவே இல்ல. கடைசிக் கேள்வி: ராடுல பேரும் அளவும் எழுதணும். சில்வர் ஜெல் பேனா இருக்கு, அதுல எழுதி மேல எப்பாக்சி போடலாமா?

முத்துநகர்

ஜெல் மை எப்பாக்சில கரைஞ்சு ஓடிடும் தம்பி. பெயின்ட் மார்க்கர் மெல்லிசு நுனில வாங்குங்க. அதையும் முதல்ல வேற ஒரு உடைஞ்ச துண்டுல எழுதி, ஒரு ராத்திரி காயவிட்டு, மேல எப்பாக்சி தொட்டுப் பாத்துட்டு அப்புறம் ராடுக்கு வாங்க. செவ்ரானுக்கு மேல எழுதாதீங்க, அதுக்கும் முதல் கைடுக்கும் நடுவுல வெறும் பிளாங்க் இருக்கும்லா, அங்க எழுதுங்க. நீளம், லூர் எடை, கட்டின வருசம். எழுதின இடத்துல மட்டும் மெல்லிசா ஒரே கோட் போதும்.